அறுபது சதவீதப் பாதுகாப்பில் செத்த ஈட்டிக்காரன்: ஒரு வெஸ்னாத் நிகழ்வு ஆய்வு

"இன்னாணா இது? ஊருக்குள்ள நிக்கிறான், அறுபது பர்சன்ட் காட்டுது. நாலு வீச்சுல மூணு விழுது. கேம் உனக்குத்தான் சப்போர்ட் பண்ணுது."

"ஒண்ணொண்ணா பாத்தா அப்டித்தான்டா தெரியும். மொத்தமா கணக்கு போட்டியா நீ?"

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் துணிக்கடைக்கு மேலே உள்ள அறையில் நடந்த ஆட்டம். இரண்டு பழைய லேப்டாப், நடுவில் ஒரு மொபைல் ஹாட்ஸ்பாட். ஆடியது 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்'. 2003இல் டேவிட் வைட் வெளியிட்ட இலவச, திறந்த மூலக் கேம் இது. அறுகோணக் கட்டங்களில் முறை வைத்துப் படையை நகர்த்தி ஆடும் போர் கேம். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினிலும் ஓடும். தம்பி ஆடியது நீலம், லாயலிஸ்ட் என்ற மனிதப் படை. அண்ணன் ஆடியது சிவப்பு, நார்தர்னர் படை, அதாவது ஓர்க், ட்ரோல் என்ற கற்பனை அரக்கர்கள். 5ஆவது டர்னில் நீலத்தின் ஸ்பியர்மேன் (ஈட்டிக்காரன்) ஒருவன் ஊர்க் கட்டத்தில் நின்றபடியே செத்தான். ஆட்டத்தின் போக்கு அங்கேயே மாறிவிட்டது.

ரீப்ளே ஃபைல் இருப்பதால் யார் எந்தக் கட்டத்தில் நின்றார்கள், எத்தனை உயிர் இருந்தது என்பதில் வாதமே இல்லை. வாதம் ஒன்றில்தான்: கேம் ஓரவஞ்சனை செய்ததா, நீலம் கணக்கைத் தப்பாகப் பார்த்ததா?

டேமேஜ் எப்படிக் கணக்கிடப்படுகிறது

ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு தனிக் கேள்விகள். விழுமா? விழுந்தால் எவ்வளவு?

விழுமா என்பதைத் தீர்மானிப்பது அடி வாங்குகிறவன் நிற்கும் கட்டம். அடிப்பவன் எவ்வளவு பெரிய வீரன் என்பதற்கு இதில் இடமே இல்லை. ஸ்பியர்மேனுக்கு ஊரிலும் கோட்டையிலும் 60 சதவீதப் பாதுகாப்பு, காட்டில் 50, வெட்டவெளியில் 40, ஆழமற்ற நீரில் 20. ஊரில் நிற்பவன் மேல் ஒரு வீச்சு விழ வாய்ப்பு 40 சதவீதம். விதிவிலக்கு சில உண்டு. மேஜ் என்ற மந்திரவாதி வீசும் மந்திரத்துக்கு எதிரி எங்கே நின்றாலும் 70 சதவீதம்தான். எதிர்ப்படையில் மேஜ் இருந்தால் ஊர், கோட்டை என்று நம்பி உட்காருவதில் அர்த்தமில்லை. இந்த ஆட்டத்தில் சிவப்பிடம் மேஜ் யாரும் இல்லை.

எவ்வளவு என்பதுதான் பலரும் சறுக்கும் இடம். ஆயுதத்தின் அடிப்படை டேமேஜை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நேரத்தின் கூடுதல்-குறைவையும் லீடர்ஷிப் கூடுதலையும் முதலில் கூட்ட வேண்டும். பகலில் லாஃபுல் யூனிட்டுக்கு (இங்கே ஈட்டிக்காரன் போன்றவர்கள்) 25 சதவீதம் கூடுதல், கேயாட்டிக் யூனிட்டுக்கு (ஓர்க், ட்ரோல்) 25 சதவீதம் குறைவு. இரவில் இதற்கு நேர்மாறு. விடியலிலும் அந்தியிலும் இருவருக்கும் எதுவும் இல்லை. இந்தக் கூட்டலை முடித்த பிறகுதான் அடி வாங்குபவனின் தாங்குதிறனால் பெருக்க வேண்டும். முதலில் கூட்டல், பிறகு பெருக்கல். எல்லாச் சதவீதத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கூட்டினால் விடை தப்பும்.

இதே ஆட்டத்தில் இருந்து ஓர் உதாரணம். நீலத்தின் ஈட்டிக்காரனுக்கு ஈட்டி 8-3, அதாவது வீச்சுக்கு 8 டேமேஜ், சண்டைக்கு 3 வீச்சு. இரவில் அவன் ட்ரோல் வெல்ப்பை, அதாவது இளம் ட்ரோலை, குத்துகிறான். இரவு என்பதால் 100 சதவீதம் 75 ஆகிறது. ட்ரோலுக்குக் குத்து ஆயுதத்தில் 20 சதவீதத் தாங்குதிறன், ஆகவே 75இல் 80 சதவீதம், 60. எட்டில் 60 சதவீதம் 4.8, கேம் இதை 5 என எடுத்துக்கொள்ளும். 25ஐயும் 20ஐயும் கூட்டி 45 கழித்திருந்தால் 4.4, அதாவது 4. ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்த ஒரு புள்ளி என்ன செய்யும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

பின்னத்தை முழு எண்ணாக்கும் விதியும் முக்கியம். அரைக்கு மேலோ கீழோ இருந்தால் பக்கத்து எண். சரியாக அரை வந்தால், விடை அடிப்படை டேமேஜின் பக்கமாகச் சாயும். 10 டேமேஜ் உள்ள கிரன்ட்டுக்கு (வாளேந்திய ஓர்க் வீரன்) இரவில் 12.5 வரும், அது 13 ஆகாது, 12 ஆகும். அதே கிரன்ட்டுக்குப் பகலில் 7.5, அது 8 ஆகும், 7 ஆகாது. பள்ளிக்கூடத்தில் படித்தபடி அரையை எப்போதும் மேலே ஏற்றினால் இரவுக் கணக்கில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி தப்பிப்போகும். எவ்வளவு குறைந்தாலும் விழுந்த அடி 1க்குக் கீழே போகாது.

லீடர்ஷிப் பற்றிச் சுருக்கமாக: பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் தலைவனைவிட லெவல் குறைந்த யூனிட்டுக்கு ஒரு லெவல் வித்தியாசத்துக்கு 25 சதவீதம். தாக்கும்போது மட்டுமல்ல, திருப்பி அடிக்கும்போதும் உண்டு. நீலத்தின் தலைவன் லெப்டினன்ட், லெவல் 2. அவன் பக்கத்தில் நின்றால் ஈட்டிக்காரனின் இரவுக் குறைவு அப்படியே அடிபட்டுப்போகும், 6க்குப் பதில் முழு 8.

4ஆவது டர்ன், அந்தி

விடியலில் தொடங்கும்படி வைத்த ஆட்டம். ஆகவே 2, 3 பகல், 4 அந்தி, 5, 6 இரவு. ஒவ்வொரு டர்னிலும் சிவப்புக்கு முதல் நகர்வு.

ஈட்டிக்காரன் 3ஆவது டர்னிலேயே ஊரைப் பிடித்துவிட்டான். அவனுடைய டிரெயிட், அதாவது யூனிட்டுக்கு யூனிட் மாறும் தனிக் குணம், ஸ்ட்ராங், இன்டெலிஜென்ட். சாதாரண ஸ்பியர்மேனுக்கு 36 உயிர், 7-3 ஈட்டி. ஸ்ட்ராங் என்பதால் இவனுக்கு 37 உயிர், 8-3. ஊரைச் சுற்றி ஆறு கட்டம். அதில் இரண்டு ஆழமான ஆறு, ஓர்க் நுழைய முடியாது. மீதி நான்கில் மூன்று வெட்டவெளி, ஒன்று ஆழமற்ற நீர். வெட்டவெளியில் ஒன்றை நீலத்தின் குதிரைவீரன் அடைத்து நின்றான்.

அந்தியில் சிவப்பின் குவிக் (வேகம் கூடி உயிர் சற்றுக் குறைந்த டிரெயிட்) கிரன்ட் ஒருவன் வந்து ஈட்டிக்காரனைத் தாக்கினான். வாள் 9-2; அந்தியில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இரண்டில் ஒன்று விழுந்தது. 37 உயிர் 28 ஆனது. ஈட்டிக்காரன் திருப்பிக் குத்தியதில் மூன்றில் இரண்டு விழுந்து, 36 உயிரோடு வந்த கிரன்ட் 20க்கு இறங்கினான்.

அடுத்து நீலத்தின் முறை. முறை தொடங்கும்போது ஊர் 8 உயிர் கொடுக்கும். 28, 36 ஆனது. நகராமலும் சண்டை போடாமலும் ஒரு டர்ன் இருந்தால் ஓய்வுக்கு 2 கூடக் கிடைத்திருக்கும். சண்டை நடந்துவிட்டதால் அது போச்சு. பக்கத்தில் வைத்தியம் பார்க்கும் யூனிட் இருந்திருந்தாலும் ஊரின் 8உம் அதன் வைத்தியமும் ஒன்றுசேராது, எது பெரிதோ அதுதான் கணக்கு. ஆக 36. முழு உயிருக்கு ஒன்று குறைவு. திரையில் பச்சைக் கோடு ஏறக்குறைய நிறைந்திருந்தது. நீலத்துக்குத் தைரியம் வந்த இடம் இதுதான்.

அந்த முறையில் நீலம் மூன்று முடிவு எடுத்தது. ஈட்டிக்காரனை ஊரிலேயே விட்டது, எதையும் தாக்கவில்லை. குதிரைவீரனைக் கிளப்பி வடக்கே காலியாக இருந்த வேறோர் ஊரைப் பிடித்தது. தன் மேஜ் யூனிட்டைப் பின்னால் நிறுத்தியது. நகர்வை முடித்தபோது ஊரைச் சுற்றி நான்கு கட்டமும் எதிரிக்குத் திறந்து கிடந்தது.

5ஆவது டர்ன், இரவு

சிவப்பிடம் எட்டும் தூரத்தில் நாலு பேர். ஸ்ட்ராங் டிரெயிட் உள்ள கிரன்ட் இருவர், ஒருவன் 44 உயிர், மற்றவன் 39. காயம்பட்ட குவிக் கிரன்ட், 20 உயிர். ஒரு ட்ரோல் வெல்ப்.

இரவுக் கணக்குப்படி ஸ்ட்ராங் கிரன்ட்டுக்கு 10 டேமேஜ் 12 ஆகிறது. குவிக் கிரன்ட்டுக்கு 9, 11.25 வழியாக 11. வெல்ப்புக்கு 7, 8.75 வழியாக 9. எல்லோருக்கும் இரண்டிரண்டு வீச்சு. ஈட்டிக்காரனுக்கு வெட்டு, மோதல் இரண்டிலும் தாங்குதிறன் பூஜ்யம், எனவே குறைப்பு எதுவும் இல்லை.

முதல் ஸ்ட்ராங் கிரன்ட் தாக்கினான். ஈட்டிக்கு ஃபர்ஸ்ட் ஸ்டிரைக் உண்டு. தாக்கப்பட்டாலும் முதல் குத்து ஈட்டிக்காரனுடையதுதான். மூன்று குத்தில் இரண்டு விழுந்து கிரன்ட் 44இல் இருந்து 32க்கு வந்தான். அவனுடைய இரண்டு வீச்சில் ஒன்று விழுந்து ஈட்டிக்காரன் 24 ஆனான். அடுத்து இரண்டாம் ஸ்ட்ராங் கிரன்ட். ஈட்டி தவறியது. வாள் விழுந்தது, 12. ஈட்டி விழுந்தது, கிரன்ட் 33. வாள் மறுபடி விழுந்தது, 0. மூன்றாவது குத்தைப் போட ஆள் இல்லை.

12, 12, 12. மொத்தம் 36. ஒரே ஓர் உயிர் கூட இருந்து 37 ஆக இருந்திருந்தால், அதே அடிகளுக்குப் பிறகும் ஈட்டிக்காரன் 1 உயிரோடு நின்றிருப்பான், மூன்றாவது குத்தும் போட்டிருப்பான்.

ஜன்னல் காட்டிய பூஜ்யம்

நீலம் ஏன் தைரியமாக இருந்தது? கேமின் தாக்குதல் ஜன்னலில் 'டேமேஜ் கால்குலேஷன்ஸ்' என்ற பட்டன் உண்டு. அழுத்தினால் சண்டை முடிவில் யாருக்கு எத்தனை உயிர் இருக்கும், எத்தனை சதவீத வாய்ப்பு என்று அருமையாகக் காட்டும். ஆனால் அது காட்டுவது ஒரு சண்டையை மட்டும். 36 உயிருள்ளவனை ஒரு ஸ்ட்ராங் கிரன்ட் இரவில் தாக்கினால் அதிகபட்சம் 24 போகும். சாவு வாய்ப்பு பூஜ்யம். குவிக் கிரன்ட் தாக்கினால் 22, பூஜ்யம். வெல்ப், 18, பூஜ்யம். நாலு பேரையும் தனித்தனியாகப் பார்த்தால் நாலு பூஜ்யம். நாலும் ஒரே முறையில் அடுத்தடுத்து வந்தால் என்ன என்று ஜன்னல் சொல்லாது. அதை ஆடுகிறவன்தான் போட்டாக வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். ஸ்ட்ராங் கிரன்ட் இருவருக்கும் சேர்த்து நாலு வீச்சு, ஒவ்வொன்றும் 40 சதவீதம். அதில் ஒன்றும் விழாமல் போக 12.96 சதவீதம், ஒன்று விழ 34.56, இரண்டு விழ அதே 34.56, மூன்று விழ 15.36, நாலும் விழ 2.56. மூன்றோ நாலோ விழுந்தால் 36 முடிந்தது. அதற்கு 17.92 சதவீதம். ஆட்டத்தில் நடந்தது இதுதான். ஆறு முகப் பகடையில் கேட்ட எண் விழுவதைவிடச் சற்றே அதிக வாய்ப்பு. அதிர்ஷ்டக் குறைவுதான், அதிசயம் இல்லை.

மூன்றாவதாகக் காயம்பட்ட கிரன்ட்டும் வந்தால்? ஸ்ட்ராங் அடி இரண்டு விழுந்து, அவனுடைய இரண்டும் விழ வேண்டும். ஸ்ட்ராங் இரண்டும் அவனுடைய ஒன்றும் என்றால் 24உம் 11உம் 35, ஈட்டிக்காரன் ஓர் உயிரோடு தப்பிவிடுவான். ஆகவே கூடுவது 5.5 சதவீதம்தான். மொத்தம் 23.4. குதிரைவீரன் நகராமல் நின்றிருந்தால் சிவப்பால் மூன்று பேரைத்தான் கொண்டுவர முடியும். அப்போது நீலத்தின் ஆபத்து இவ்வளவுதான். மூன்றாவது ஆளாக வெல்ப் வந்தாலும் இதே எண்தான் வருகிறது.

நாலாவது கட்டமும் திறந்துவிட்டால் கதை வேறு. ஸ்ட்ராங் அடி இரண்டோடு மற்றவர்களின் அடி ஏதாவது இரண்டு சேர்ந்தால் போதும். ஸ்ட்ராங் ஒன்றே விழுந்திருந்தாலும் மற்ற நாலில் மூன்று விழுந்தால் முடிந்தது. ஸ்ட்ராங் ஒன்றுகூட விழாவிட்டாலும் மற்ற நாலும் விழுந்தால் 40. எல்லாவற்றையும் கூட்டினால் 42.6 சதவீதம். குதிரைவீரன் கிளம்பிய ஒரே நகர்வில் 23.4 என்பது 42.6 ஆனது.

37 உயிர் இருந்திருந்தால்? மூன்று பேர் தாக்கும்போது 23.4 என்பது 17.9க்கு இறங்கும். நாலு பேர் என்றால் 42.6, 40.6 ஆகும், அவ்வளவே. ரீப்ளே பார்த்த எல்லோர் கண்ணும் அந்த ஓர் உயிரின் மேல்தான் போனது. நாலு பேர் வரும் நிலையில் அதன் மதிப்பு வெறும் 2 சதவீதம். திறந்த கட்டத்தின் மதிப்பு 19.

அதே நாலு பேர், அதே 36 உயிர், தாக்குகிறவன் நடுவில் சாகவில்லை என்று வைத்து நேரத்தை மட்டும் மாற்றினால்: பகலில் ஸ்ட்ராங் கிரன்ட் 8, குவிக் 7, வெல்ப் 5, சாவு வாய்ப்பு 10.3 சதவீதம். அந்தியில் 10, 9, 7; வாய்ப்பு 33. இரவில் 42.6. திருப்பி அடிப்பதும் இதோடு ஏறி இறங்கும். வெட்டவெளியில் நிற்கும் ஒரு ஸ்ட்ராங் கிரன்ட்டுக்கு எதிராக ஈட்டிக்காரன் பகலில் சராசரியாக 18 எடுத்து 6.4 கொடுப்பான், இரவில் 10.8 எடுத்து 9.6 கொடுப்பான். பகலில் சிவப்பு இந்த ஊர்ப் பக்கமே வந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தில் ஈட்டிக்காரனைக் கொன்றது முதல் இருவர் மட்டுமே. குதிரைவீரன் நின்றிருந்தாலும் அன்று விழுந்த அந்த மூன்று அடிக்கு அவன் செத்துத்தான் இருப்பான். "அப்போ குதிரைய நகத்துனது தப்பு இல்லியே" என்று தம்பி மடக்கினார். இல்லை. சிவப்பு வாளை ஓங்கும் முன்பே ஆபத்து 42.6 ஆகிவிட்டது. முடிவு 17.92க்குள் விழுந்ததால் நகர்வு நல்ல நகர்வாகிவிடாது. விழாமல் ஈட்டிக்காரன் பிழைத்திருந்தாலும் ஆகியிருக்காது.

அந்தியில் நீலத்துக்கு இருந்த வழிகள்

முதலில் கையில் இருந்தும் வீசாத ஜாவலின். ஸ்பியர்மேனுக்கு ஈட்டி தவிர 6-1 எறி ஈட்டியும் உண்டு. கிரன்ட்டிடம் தூர ஆயுதம் கிடையாது. எறிந்தால் திருப்பி அடிக்க முடியாது. பக்கத்திலேயே 20 உயிரோடு ஒருவன் நிற்கிறான். 60 சதவீத வாய்ப்பில் 6 டேமேஜ், ஓர் அனுபவப் புள்ளி, செலவு எதுவும் இல்லை. எறியாமல் முறையை முடித்ததற்குக் காரணமே இல்லை. புதிதாக ஆடுகிறவர்கள் அதிகம் கோட்டை விடும் விஷயம் இது: 'தாக்கலாமா வேண்டாமா' என்று ஈட்டியை மட்டும் நினைத்து யோசிப்பார்கள், ஆயுதப் பட்டியலில் இரண்டாவது வரி இருப்பதை மறந்துவிடுவார்கள்.

ஈட்டியால் குத்தியிருக்கலாமா? மூன்றும் விழுந்தால்தான் 24, அவன் சாவான், வாய்ப்பு 21.6 சதவீதம். ஆனால் திருப்பி 9-2 வரும், சராசரியாக 7.2 உயிர் போகும். இரவுக்கு முன்னால் 36, 27 ஆகிவிட்டால் மேலே சொன்ன வாய்ப்பு எல்லாம் மோசமாகும். குத்தாமல் இருந்ததில் தப்பு இல்லை.

மேஜ் யூனிட்டைக் கொண்டுவந்திருந்தால்? அந்தியில் மேஜ் 7-3, 70 சதவீதம், கிரன்ட்டால் திருப்பி அடிக்க முடியாது. மேஜ் மட்டும் கொல்ல 34.3 சதவீதம். மேஜ் முதலில், மிச்சத்துக்கு ஈட்டிக்காரன் என்றால் 88.4 சதவீதம். இரவு வரும் முன்பே சிவப்பில் ஒருவன் காலி. கேட்க நன்றாக இருக்கிறது. அதற்கு விலை உண்டு. மேஜ் வெட்டவெளியில் போய் நிற்க வேண்டும். அவனுக்கு 29 உயிர், வெட்டவெளியில் அவன்மேல் ஒவ்வொரு வீச்சும் 60 சதவீதம். ஸ்ட்ராங் கிரன்ட் இருவரின் நாலு வீச்சில் மூன்று விழுந்தால் 36, மேஜ் போவான், வாய்ப்பு 47.5. வெல்ப்பும் சேர்ந்தால் இன்னும் அதிகம். 12 காசு கிரன்ட்டுக்கு 20 காசு மேஜைப் பணயம் வைப்பது. எங்கள் கருத்தில் இது வேண்டாம். ஆனால் குதிரைவீரன் நாலாவது கட்டத்தையும், லெப்டினன்ட் மேஜின் ஒரு பக்கத்தையும் அடைத்து நின்றிருந்தால் கருத்தை மாற்றிக்கொள்வோம்.

லெப்டினன்ட்டை ஊர்ப் பக்கம் கொண்டுவந்திருந்தால் இரண்டு லாபம்: திறந்த கட்டம் ஒன்று குறையும், ஈட்டியின் இரவு டேமேஜ் 6இல் இருந்து 8 ஆகும். ஆனால் தலைவன் செத்தால் ஆட்டமே போச்சு. கோட்டையை விட்டு இரவில் வெளியே வருவதற்கு இந்த ஊர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

மிஞ்சுவது எளிய வழிதான். ஜாவலினை எறிய வேண்டும், குதிரைவீரன் அங்கேயே நிற்க வேண்டும். குதிரைவீரனுக்கு வெட்டு ஆயுதத்தில் 30 சதவீதத் தாங்குதிறன். ஸ்ட்ராங் கிரன்ட்டின் இரவு அடி அவன்மேல் 12 அல்ல, 8.75 வழியாக 9. கிரன்ட்டுகளுக்கு எதிராக நிற்க வைக்கவே பிறந்த யூனிட் அது. அதைப் பிடித்து ஊர் பிடிக்க அனுப்பியதுதான் இந்த ஆட்டத்தின் விலை உயர்ந்த நகர்வு.

சிவப்பு செய்த சரி

அண்ணன் ஆடியதில் கவனிக்க வேண்டியது வரிசை. நாலு பேரையும் முதலில் சுற்றி நிறுத்திவிட்டுப் பிறகு தாக்கத் தொடங்கவில்லை. ஸ்ட்ராங் கிரன்ட் இருவரை மட்டும் கொண்டுவந்து தாக்கினார். மற்ற இருவரை நகர்த்தாமலே வைத்திருந்தார். யார் முதலில் தாக்கினாலும் மொத்தச் சாவு வாய்ப்பு மாறாது, தாக்குகிறவன் நடுவில் சாகாத வரை. ஆனால் வலுவானவர்கள் முதலில் போனால் 17.92 சதவீத வாய்ப்பில் மற்ற இருவரும் மிச்சம். எதிரியின் பக்கத்துக் கட்டத்துக்குள் நுழைந்த யூனிட்டுக்கு மீதி நகர்வு பூஜ்யமாகிவிடும். தாக்கிய யூனிட்டாலும் செத்தவனின் கட்டத்துக்குள் போக முடியாது. முன்கூட்டியே நாலு பேரையும் ஒட்டவைத்திருந்தால் ஈட்டிக்காரன் செத்த பிறகு காலியான ஊரைப் பிடிக்க ஆள் இருந்திருக்காது. அண்ணன் காத்திருந்ததால் 20 உயிர்க் கிரன்ட் நேராக ஊருக்குள் நடந்துபோனான். அவனுக்கு 60 சதவீதப் பாதுகாப்பு, அடுத்த முறை 8 உயிர், படைக்கு வருமானம். அடித்த அடியைவிட இந்த நடை நீலத்துக்கு அதிகம் வலித்தது.

ஆழமற்ற நீர்க் கட்டத்தையும் அவர் வெல்ப்புக்கு ஒதுக்கி வைத்திருந்தார். நீரில் நிற்பவன்மேல் ஈட்டி 80 சதவீதம் விழும். கிரன்ட் நின்றால் சராசரி 10.8க்குப் பதில் 14.4 போகும். வெல்ப்புக்கோ ஈட்டி 6க்குப் பதில் 5தான், அதோடு ஒவ்வொரு டர்னும் 8 உயிர் தானாகத் திரும்பும்.

கேம் ஏமாற்றியதா

வெஸ்னாத்தின் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு வீச்சும் தனி உருட்டு. முன் வீச்சு தவறியதால் அடுத்தது விழ வேண்டும் என்ற கடமை அதற்கு இல்லை, தாயக்கட்டைக்கு இல்லாதது போலவே. இரண்டு ஸ்ட்ராங் கிரன்ட் ஊரில் நிற்பவனைத் தாக்கும் நிலை ஒரு ஆட்டத்தில் பத்து முறை வந்தால், அதில் ஒரு முறையாவது நாலில் மூன்றோ நாலோ விழ 86 சதவீத வாய்ப்பு. நடக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

சந்தேகம் தீர வேண்டுமானால் மெனுவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் திறந்து பார்க்கலாம். கொடுத்த டேமேஜ், வாங்கிய டேமேஜ், ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்த்த அளவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ஒரு டர்னை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல் முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டும்.

தம்பிக்கு அந்த உள்ளுணர்வு வந்த இடமும் புரிந்துகொள்ளக் கூடியதே. அவர் ஃபயர் எம்ப்ளம் ஆடி வளர்ந்தவர். அந்த வரிசையில் 2002இல் வந்த பைண்டிங் பிளேடு தொடங்கிப் பல கேம்களில் ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்ணை உருட்டி சராசரி எடுப்பார்கள். திரையில் 40 சதவீதம் என்றால் உண்மையில் விழுவது 32.4, 60 என்றால் 68.4, 90 என்றால் 98.1. ஆடுகிறவன் மனசுக்கு இதமான பொய். அதில் பழகிய கண்ணுக்கு வெஸ்னாத்தின் நேர்மையான 40 சதவீதம் அநியாயமாகத் தெரியும். சிவிலைசேஷன் 6 முற்றிலும் வேறு வழி: அங்கே தவறுவது என்பதே இல்லை, இரு பக்கப் பலத்தின் வித்தியாசம்தான் டேமேஜ். சமபலம் என்றால் இருவருக்கும் 30ஐ ஒட்டி. 10 புள்ளி அதிகம் என்றால் சுமார் 45 கொடுத்து 20 வாங்குவீர்கள். அங்கே ஆடிவிட்டு வருகிறவர்கள் வெஸ்னாத்தில் சராசரியை மட்டும் பார்ப்பார்கள். சராசரிப்படி ஈட்டிக்காரனுக்கு அன்று விழ வேண்டியது நாலு பேரிடமிருந்தும் சேர்த்து 35.2. உயிர் 36. சராசரியை மட்டும் பார்த்தவன் 'பிழைப்பான்' என்றுதான் சொல்லியிருப்பான், 0.8 இடைவெளியில்.

ஆடும்போதே போடக்கூடிய கணக்கு

ஆட்டத்தின் நடுவில் யாரும் மேலே உள்ள பெருக்கலைப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். மூன்று எண் போதும். என் அடுத்த முறைக்குள் இவன்மேல் அதிகபட்சம் எத்தனை வீச்சு வரும்: திறந்த கட்டம் நாலு, தலைக்கு இரண்டு, எட்டு. அதில் எத்தனை விழும்: எட்டில் 40 சதவீதம், 3.2. எத்தனை விழுந்தால் சாவான்: எதிரியின் நேரக் கூடுதலோடு பார்த்தால் மூன்று அல்லது நாலு. விழும் எண்ணும் கொல்லும் எண்ணும் ஒட்டி வந்தால் காசு சுண்டுவதும் ஒன்று, அவனை அங்கே நிறுத்துவதும் ஒன்று. குதிரைவீரன் நின்றிருந்தால் ஆறு வீச்சு, 2.4 அடி, கொல்ல மூன்று நாலு வேண்டும், நிறுத்தலாம்.

கொல்லும் எண்ணைப் போடும்போது இரண்டு தவறு அடிக்கடி வருகிறது. இப்போது அந்தி என்பதால் 10 என்று போடுவார்கள்; அடி வரப்போவது இரவில், 12. 36 உயிருக்குப் பத்துப் பத்தாக நாலு அடி, பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்றே அடி. இன்னொன்று, எதிரியின் டிரெயிட்டைப் பார்க்காமல் 'கிரன்ட் என்றால் 9' என்று போடுவது. சாதாரண கிரன்ட்டின் இரவு அடி 11, மூன்று விழுந்தால் 33, ஈட்டிக்காரன் 3 உயிரோடு நிற்பான். மவுஸை எதிரி யூனிட் மேல் வைத்தாலே டிரெயிட் தெரியும். அதைப் பார்க்க முறை முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேமின் பதிப்புக்குப் பதிப்பு சில யூனிட்டின் எண்கள் மாறுவதால் மனப்பாட எண்ணைவிட வலப்பக்கப் பட்டையில் இருப்பதை நம்புவது நல்லது.

சரிபார்க்க விரும்புகிறவர்கள் 4ஆவது டர்ன் ஆட்டோசேவைத் திறந்து இரு பக்கத்தையும் தாங்களே ஆடிப் பார்க்கலாம். குதிரைவீரனை நகர்த்தாமல் ஜாவலினை மட்டும் எறியுங்கள். விழுந்தால் குவிக் கிரன்ட் 14க்கு இறங்குவான். 5ஆவது டர்னில் அவனைக் கொண்டு தாக்கும் ஜன்னலைத் திறந்து டேமேஜ் கால்குலேஷன்ஸை அழுத்தினால், இப்போது பூஜ்யம் ஈட்டிக்காரன் பக்கம் மட்டும்தான் இருக்கும். ஈட்டியின் இரவுக் குத்து 6. மூன்றும் விழுந்தால் 18. வெட்டவெளியில் இருந்து வந்தால் கிரன்ட் சாக 21.6 சதவீதம், நீர்க் கட்டத்தில் இருந்து வந்தால் 51.2.